ஓட்டை பிஸ்கட்டும் தொப்பித் துரையும்

என் தங்கச்சி சுமதி சென்னையில ஊர்ப் பலகாரம் விக்கிற கடை வெச்சிருக்கா. ஒவ்வொரு பாக்கெட் மேலயும் நாலு வரியில ஒரு கதை இருக்கணும்ங்கறது அவ கொள்கை. எந்த ராஜா கேட்டு வாங்கித் தின்ன முறுக்கு, எந்த ஜமீன்தார் தூக்கத்துல புலம்பின அல்வா, இந்த மாதிரி. வாங்கறவங்க பலகாரத்தோட கதையையும் சேர்த்து மெல்றாங்களாம்.

"அண்ணா, விருத்தாசலத்துல ஒரு பிஸ்கட் இருக்கு. தொப்பித் துரைன்னு ஒரு வெள்ளைக்காரருக்காகவே கண்டுபிடிச்சதாம். நீ நேர்ல போய் விசாரிச்சு நாலு வரி எழுதிக் குடு. திங்கக்கிழமை கவர் அச்சுக்குப் போகுது"ன்னு போன் பண்ணினா.

என்னை ஏன் அனுப்பறான்னா, நான் எழுத்தாளன்னு அவ நம்பறா. வேலை பார்த்த மில்லோட ஆண்டு மலர்ல ரெண்டு கட்டுரை எழுதியிருக்கேன். அதுல ஒண்ணு நன்றியுரை. வயசு அம்பத்தி மூணு. விருப்ப ஓய்வு. விருப்பம் மில்லோடது, ஓய்வு என்னோடது. சர்க்கரை வேற வாசல்ல வந்து நிக்குது. கிளம்பும்போது என் வீட்டுக்காரி சொன்னா, "ஆராய்ச்சின்னா ரெண்டு பிஸ்கட். அதுக்கு மேல போனா அது சாப்பாடு."

வெள்ளிக்கிழமை மத்தியானம் விருத்தாசலத்துல எறங்கினேன். கோயமுத்தூர்க்காரனுக்கு இது வெளிநாடுதான். எங்க ஊர்ல வெயில் மேல இருந்து மட்டும்தான் அடிக்கும். இங்க தரையில இருந்தும் வருது, சுவத்துல இருந்தும் வருது. எங்க ஊர்ல ஒருத்தர்கிட்ட வழி கேட்டா, ஏனுங்க, எந்தூருங்க, சாப்பிட்டீங்களான்னு நாலு கேள்வி முடிஞ்சுதான் வழி வரும். இங்க ஆட்டோக்காரர் ஒரே பார்வையில முடிச்சுட்டார்.

"இன்னா சார், ஓட்டை பிஸ்கட் அம்மா கடையா?"

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"கையில நோட்டு, மொகத்துல பசி. வேற எதுக்கு வருவீங்க? ஏறுங்க."

ஜங்ஷன் ரோட்டுல சின்ன பேக்கரி. கல்லாவுல கஸ்தூரியம்மா. அம்பது வயசு இருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கயித்துல கோத்து கழுத்துல மாட்டியிருந்தாங்க. எதையும் ரெண்டு தடவை சொல்லாத குரல். நான் பேரைச் சொன்னதும் ஒரு தட்டுல அஞ்சு பிஸ்கட் வெச்சாங்க. என் வீட்டுக்காரி கணக்குல ரெண்டு ஆராய்ச்சி, மூணு சாப்பாடு.

பிஸ்கட் கைக்குழந்தை வளையல் மாதிரி இருந்துச்சு. நடுவுல ஓட்டை, ஓரத்துல ஒரு கட்டைவிரல் அமுக்கின பள்ளம். உப்பு, ஓமம், கொஞ்சம் வெல்லம், முந்திரிக் குருணை. முதல் கடியில பல்லுதான் தயங்குச்சு. அப்புறம் டக்குனு ஒரு சத்தம், வாயெல்லாம் முந்திரி வாசனை. டீயில முக்கினேன். எங்க ஊர் பிஸ்கட்டா இருந்தா மூணு எண்றதுக்குள்ள அடியில போய்ச் சேர்ந்திருக்கும். நான் டீ கிளாஸ்ல விரலை விட்டுத் தேடின தடவைகள் ஏராளம். இது முப்பது எண்ணியும் நிமிர்ந்து நின்னுச்சு. முப்பத்தொண்ணாவதுல டீ தான் ஆறிப் போச்சு.

கஸ்தூரியம்மா கதையைச் சொன்னாங்க. ரயில் பாதை போட வந்தாராம் ஒரு துரை. நிஜப் பேர் யாருக்கும் தெரியாது, எந்நேரமும் தொப்பி போட்டிருந்ததால தொப்பித் துரை. குதிரையில சுத்தற ஆளுக்குக் கெட்டுப் போகாத தீனி வேணும்னு அவரே முறை சொல்லிச் செய்ய வெச்சதாம் இந்த பிஸ்கட். ஓட்டை எதுக்குன்னா, கயித்துல கோத்து சேணத்துல தொங்க விடறதுக்கு.

"எங்கப்பா சொன்ன கதைங்க. அவரு போயி மூணு வருஷம் ஆவுது. நான்தான் இப்ப பாத்துக்கறேன். உங்க தங்கச்சி ஆர்டர் குடுக்கறேன்னு சொன்னதும் தைரியமா செங்கல்லு எறக்கிட்டேன், ரெண்டாவது அடுப்பு கட்ட. ரெண்டு பொம்பளைங்கள வேலைக்கு வரச் சொல்லிட்டேன். நல்லா எழுதுங்க."

கொல்லையில செங்கல் அடுக்கியிருந்துச்சு. அதைப் பார்த்ததும் என் நாலு வரி மேல எனக்கே பயம் வந்துடுச்சு. நன்றியுரைக்கு யாரும் செங்கல் எறக்கினதில்லை.

அடுப்பைக் காட்டினாங்க. விறகடுப்பு. அதிசயம் என்னன்னா, வாயைச் செங்கல் வெச்சு மூடி மேல களிமண்ணு பூசியிருந்துச்சு. ஒரு ஓரத்துல மட்டும் உள்ளங்கை அளவுக்கு ஒரு துவாரம், அதுக்கு ஒரு கல் மூடி. கஸ்தூரியம்மா கல்லை எடுத்துட்டு ஒரு இரும்புக் கம்பியை உள்ள விட்டாங்க. கம்பி நுனியில ஒரு பிஸ்கட் மாட்டிக்கிட்டு வெளிய வந்துச்சு. நிறம் பார்த்தாங்க, ஒடச்சாங்க, சத்தம் கேட்டாங்க. "ஆயிடுச்சு. அடியில இருக்குற நெருப்பை எடுத்துடலாம்."

"அப்போ திறந்துடலாமுங்களா?"

"இப்பவா? நாளைக்கு மத்தியானம். அதுவா ஆறணும்."

"ஏனுங்க அப்படி?"

"துரை சொல்லிக் குடுத்த மொறைங்க"ன்னாங்க, கோயில்ல குருக்கள் சொல்ற மாதிரி.

சனிக்கிழமை ஸ்ரீமுஷ்ணம் போகணும். கஸ்தூரியம்மாதான் சொன்னாங்க, தொப்பித் துரைகிட்ட சமையல்காரரா இருந்தவரோட பேரன் எத்திராஜ் அங்க இருக்கார், ரயில்வேயில கார்டா இருந்து ஓய்வு. துரை என்னென்ன சாப்பிட்டார்னு அவர்கிட்ட கேட்டா கதைக்கு உப்பு சேரும்னு நெனச்சேன்.

பஸ் ஸ்டாண்டுல ஜன்னலோர சீட் காலியா இருந்த பஸ்ஸுல ஏறி உக்கார்ந்தேன். அரை மணி நேரம் கழிச்சு டிக்கெட் கேட்ட கண்டக்டர் என்னை ஏற எறங்கப் பார்த்தார்.

"சார், இது வேப்பூர் பஸ்ஸு. போர்டு படிக்கலயா?"

"கண்ணாடி பைக்குள்ள இருந்துச்சுங்க."

"பை?"

"மடியில."

பஸ்ஸே சிரிச்சுது. பின் சீட்டுல ஒரு அம்மா பக்கத்துல இருந்தவங்ககிட்ட, "பாவம், பாத்தா படிச்சவரு மாரி இருக்குது"ன்னாங்க. அந்த 'மாரி'யில இருந்த கருணையை நான் மறக்க மாட்டேன்.

வேப்பூர்ல ஹைவே ஓரத்துல ஒரு ஓட்டல்ல உக்கார்ந்தேன். எனக்கு எதிர்ல ரெண்டு லாரி டிரைவருங்க. ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட சாம்பாரைக் காட்டி, "டேய், இதுல முருங்கக்கா குளிச்சுட்டுப் போயிருக்குதுடா"ன்னார். எட்டிப் பார்த்தேன், நிஜம்தான். ஆனா தோசை பிரமாதம். எங்க ஊர் தோசை மரியாதையா மடிச்சு வரும். இந்த ஊர்த் தோசை தட்டுக்கு வெளியில கால் நீட்டிப் படுத்திருக்கு. தப்பான பஸ்ஸுக்கு மனசார நன்றி சொல்லிட்டு, இந்தத் தடவை கண்ணாடி போட்டுக்கிட்டுத் திரும்பினேன்.

எத்திராஜ் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மத்தியானம். முதல்ல அவர் சம்சாரம் கோயில்ல வாங்கின கோரைக்கிழங்கு உருண்டை குடுத்தாங்க. ஸ்ரீமுஷ்ணத்துச் சாமி வராகம். பன்னிக்குப் பிடிச்சது கோரைக்கிழங்கு, அதனால பிரசாதமும் அதுவே. எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. சாமிக்கு என்ன பிடிக்கும்னு சாமியோட உருவத்தை வெச்சே முடிவு பண்ணியிருக்காங்க. என் உருவத்தை வெச்சு முடிவு பண்ணினா போண்டாதான் வரும்.

எத்திராஜ் பீரோவுல இருந்து தாத்தாவோட சமையல் நோட்டை எடுத்துட்டு வந்தார். காக்கி அட்டை, பென்சில் எழுத்து. துரை என்னிக்கு என்ன சாப்பிட்டார், எதை ஒதுக்கினார், எதை ரெண்டாந்தடவை கேட்டார், எல்லாம் இருந்துச்சு.

சும்மா சொல்லக் கூடாது, துரைக்கு நல்ல நாக்கு. புளி தூக்கலா விரால் மீன் குழம்பு, பச்சை முந்திரிப் பருப்பு போட்ட கத்திரிக்காய், மோர் விட்ட கம்பஞ்சோறு. மழை பெய்ஞ்சா வறுத்த பலாக்கொட்டை. முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடையை ஒரு நாள் நாலு தின்னுட்டு மறுநாள் வேலைக்கே போகலையாம். படிக்கப் படிக்க அந்த ஆள் மேல எனக்குப் பாசம் பொங்கிடுச்சு. கடல் தாண்டி வந்தவன், வந்த ஊர்ச் சோத்தைக் கேள்வி கேக்காம உக்கார்ந்து தின்னிருக்கான். நான் சேலம் தாண்டினாலே எங்க ஊர் காப்பி கெடைக்குமான்னு தேடற ஜாதி.

"பிஸ்கட்டு எந்தப் பக்கத்துல இருக்குதுங்க?"ன்னு கேட்டேன்.

எத்திராஜ் தொண்டையைச் செருமினார். ஒரு பக்கத்தைத் திருப்பி விரலை வெச்சார். சீமையில இருந்து துரைக்கு டப்பா டப்பாவா பிஸ்கட் வருமாம். துரை தொடவே மாட்டாராம். பல்லு ஆடுது, இனிப்பும் ஆகாது. டப்பாவைத் திறந்து குதிரைக்குப் போடச் சொல்லுவாராம். கெட்டியான பண்டம் எதுவும் தட்டுல வரக் கூடாதுன்னு கடைசிப் பக்கத்துல அடிக்கோடு போட்டு எழுதியிருந்துச்சு.

"அப்போ ஓட்டை பிஸ்கட்டு?"

"நோட்டுல அப்பிடி ஒண்ணே கெடையாது சார்."

"கஸ்தூரியம்மாகிட்ட நீங்க சொன்னதில்லையா?"

"அவங்கப்பா காலத்துல இருந்து அங்கதான் வாங்கித் தின்றேன். பிஸ்கட்டு நல்லா இருக்குது. கதயும் நல்லா இருக்குது. நான் எதுக்கு நடுவுல பூந்து கெடுக்கணும்?" நோட்டை மூடிட்டு, "நீங்களும் சொல்லாதீங்க"ன்னார்.

நானும் சொல்றதா இல்லை. செங்கல் கண்ணு முன்னாடி நின்னுச்சு. ராத்திரி லாட்ஜுல உக்கார்ந்து நாலு வரியும் எழுதி முடிச்சேன். குதிரை, சேணம், துரையின் புன்னகைன்னு சக்கைப்போடு. பல்லு ஆடினதை மட்டும் விட்டுட்டேன். மில்லுல நன்றியுரை எழுதினப்பவும் இப்படித்தான், வேண்டியதை மட்டும் எழுதிப் பழக்கம்.

ஞாயித்துக்கிழமை காலையில கஸ்தூரியம்மா, "வாங்க, ஜாடி வாங்கப் போறேன், எங்க ஊரு செராமிக்கையும் பாத்துட்டுப் போங்க"ன்னாங்க. ஸ்கூட்டர் பின்னாடி உக்கார்ந்தேன். நான் உக்கார்ந்ததும் ஸ்கூட்டர் ஒரு பெருமூச்சு விட்டுச்சு. கஸ்தூரியம்மா திரும்பிப் பார்க்காம, "கொஞ்சம் முன்னால தள்ளி ஒக்காருங்க, முன் சக்கரம் தரையில இருக்கணும்"னாங்க.

அது சின்ன பீங்கான் யூனிட். ஒரு பக்கம் பொம்மைங்க, ஒரு பக்கம் ஊறுகாய் ஜாடி, வெள்ளை மாவுல வெளுத்துப் போன பத்துப் பதினஞ்சு பேர். கை நிக்காம பேச்சும் நிக்காம வேலை செய்யறாங்க. ஒரு பொண்ணு பிள்ளையாருக்குத் தும்பிக்கை ஒட்டிக்கிட்டே மாமியாரைத் திட்டிட்டிருந்தா. திட்டு ஏற ஏறத் தும்பிக்கை சுத்தமா உக்காருது. நான் ஒரு ஜாடியைத் தூக்கிப் பார்க்கப் போனேன். "சார், அது இன்னும் பச்ச, சுடல!"ன்னு நாலு பேர் கத்தினாங்க. கையைப் பின்னாடி கட்டிக்கிட்டேன்.

சூளையைப் பார்த்துக்கறவர் பாலு. அறுவது தாண்டினவர், புருவம் பாதி கருகினவர். சூளை வாயைச் செங்கல் வெச்சு மூடி, மேல களிமண்ணு பூசியிருந்தாங்க. ஓரத்துல உள்ளங்கை அளவு துவாரம், அதுக்கு ஒரு கல் மூடி. எனக்கு எங்கயோ இடிச்சுது.

பாலு கல்லை எடுத்துட்டு இரும்புக் கம்பியை உள்ள விட்டார். நுனியில மாட்டிக்கிட்டு வந்துச்சு ஒரு களிமண் வளையம். செவசெவன்னு. நடுவுல ஓட்டை. ஓரத்துல கட்டைவிரல் பள்ளம்.

"இது என்னங்க?"ன்னு கேட்டேன். என் குரல் எனக்கே கீச்சுன்னு கேட்டுச்சு.

"ட்ரையல் வளையம் சார். உள்ள சரக்கு எந்தளவுக்கு வெந்துருக்குதுன்னு இத எடுத்துப் பாத்துத் தெரிஞ்சுக்குவோம். மீட்டரு இருக்குது, ஆனா அது நம்பரத்தான் சொல்லும். கம்பியில மாட்டத்தான் ஓட்டை."

"வெந்ததும் திறந்துடுவீங்களா?"

"அய்யோ, சூட்டோட தொறந்தா மொத்தமும் விரிசல் வுட்டுடும். அதுவா ஆறணும்."

நான் கஸ்தூரியம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவங்க கண்ணாடியை மாட்டிக்கிட்டு அந்த வளையத்தையே பார்த்துட்டிருந்தாங்க.

"பாலண்ணே, எங்கப்பா இங்க வேல செஞ்சாராமே. இன்னா வேல?"

"தெரியாதா ஒனக்கு? கோவிந்தண்ணன் இதே சூளயிலதாம்மா நின்னாரு. எனக்கே அவருதான் மேஸ்திரி."

"களிமண்ணு மிதிச்சேன்னு மட்டும் சொல்லியிருக்காரு."

பாலு கம்பியை ஓரமா சாத்தி வெச்சுட்டு, எங்க ரெண்டு பேரையும் பார்த்துச் சிரிச்சார். அப்புறம் சொன்னார். ஸ்டேஷன் பக்கத்துல இருந்த ஒரு பேக்கரியில ஒரு நாள் பிஸ்கட் போடறவருக்குக் காய்ச்சல். கடைக்காரர் கோவிந்தனைக் கூப்பிட்டு, சூளை எரிக்கறவன்தானே, இன்னிக்கு அடுப்பைப் பாத்துக்கன்னு சொல்லிட்டார். கோவிந்தனுக்குத் தெரிஞ்ச நெருப்பு ஒண்ணுதான். மாவை வளையமா உருட்டினார், கம்பியில எடுத்துப் பாக்கணுமே! கட்டைவிரல் வெச்சு அமுக்கினார், கை பழக்கம். அடுப்பு வாயைச் செங்கல் வெச்சு அடைச்சு மண்ணு பூசினார். வெந்துடுச்சுன்னு தெரிஞ்சதும் நெருப்பை எடுத்துட்டு வூட்டுக்குப் போய்த் தூங்கிட்டார். மறுநாள் மத்தியானம் சாவகாசமா வந்து பிரிச்சார்.

"கல்லு மாரி இருந்துது. ஓனரு ஆடுனாரு பாரு ஆட்டம்! கோவிந்தண்ணன் வெக்கத்துல ஒண்ண எடுத்து டீயில முக்கித் தின்னுருக்காரு. அப்புறம் ரெண்டாவது. அப்புறம் எங்களுக்குக் குடுத்தாரு. ஒரு மாசம் கழிச்சும் அதே சத்தம், அதே ருசி."

"அப்ப தொப்பித் துரை?"ன்னு கஸ்தூரியம்மா கேட்டாங்க.

"துரையா! இந்த ஊருக்கு செராமிக்கு வந்ததே சொதந்திரத்துக்கு அப்பறம். அதுக்குள்ள துரைங்கல்லாம் கப்பல் ஏறிட்டானுங்க. கோவிந்தண்ணன் சொந்தமா கடை போட்டப்ப ஒருத்தனும் வாங்கல. மண்ணு பெசையற கையில பிஸ்கட்டாடான்னு மொகத்துக்கு நேராவே கேட்டாங்க. அப்பத்தான் ஒரு துரையப் புடிச்சு கதக்குள்ள போட்டாரு. மறுநாள்லேருந்து கூட்டம். எங்க எல்லாருக்கும் தெரியும். ஒன்கிட்ட சொல்லியிருப்பாருன்னு நெனச்சோம்."

நானும் அப்போதான் நோட்டு விஷயத்தை, ஆடற பல்லோட சேர்த்துச் சொன்னேன். சொல்லாம இருந்துடலாம்னு பார்த்தேன்னும் சொன்னேன்.

கஸ்தூரியம்மா கண்ணாடியைக் கழட்டிட்டு ஸ்கூட்டர்கிட்ட போனாங்க. ஜாடி வாங்க மறந்துட்டாங்க. திரும்பி வர்றப்போ லெவல் கிராசிங்ல கேட் போட்டிருந்தாங்க. ரொம்ப நேரமா ஒரு கூட்ஸ் வண்டி போயிட்டிருந்துச்சு. அது முடியற நேரத்துல முன்னாடி பார்த்துக்கிட்டே சொன்னாங்க:

"கல்லாவுல ஒக்காந்துட்டு வர்றவங்ககிட்டல்லாம் நான் துரை கதயச் சொல்லுவேங்க. அவரு பக்கத்துலதான் மாவு பெசைஞ்சிட்டு இருப்பாரு. எவ்ளோ நல்லா சொல்றேன்னு சிரிப்பாரு. ஒரு நாளு கூட, அது நான்தாண்டின்னு சொன்னதில்ல."

கேட் தொறந்துச்சு. அவங்க சொல்லாமலே நான் கொஞ்சம் முன்னால தள்ளி உக்கார்ந்தேன்.

கடைக்கு வந்ததும், "உங்க தங்கச்சிக்குப் போன் போடுங்க"ன்னாங்க. போட்டேன். நடந்ததைச் சொன்னேன். சுமதி பதறிட்டா. "அண்ணா, தொப்பி, குதிரை எல்லாம் வரைஞ்சாச்சு! நீ பாட்டுக்கு எழுதிக் குடு. நோட்டை யார் போய்ப் பார்க்கப் போறாங்க? துரைன்னாதான் எடுத்துப் பார்ப்பாங்க. சூளைக்காரர் கதையை யாரு படிப்பா?"

போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு. அது நான் பண்ணின உதவி இல்லை, பட்டன் மாறிப் போச்சு. கஸ்தூரியம்மா கையை நீட்டி வாங்கினாங்க.

"சுமதிம்மா, கஸ்தூரி பேசறேன். துரை பேருதான் வேணும்னா வேற பிஸ்கட்டு பாத்துக்கோங்க. இது எங்கப்பா சுட்டது. அவரு பேரு கோவிந்தன். சூளயில நின்னவரு. அத எழுதினா அனுப்பறேன். இல்லன்னா வேணாம், கோவம் ஒண்ணுமில்ல."

"அக்கா, அடுப்புக்குச் செங்கல் எல்லாம் எறக்கிட்டீங்கன்னு அண்ணன் சொன்னாரே?"

"செங்கல்லு கெட்டாப் போவப் போவுது? கெடக்கட்டும்."

 சுமதி, "யோசிச்சுச் சொல்றேங்க்கா"ன்னு வெச்சுட்டா. கஸ்தூரியம்மா போனை என்கிட்ட குடுத்துட்டுக் கொல்லைக்குப் போனாங்க. அன்னிக்குச் சரக்கு உள்ள அடுக்கியாச்சு. செங்கல்லை ஒண்ணு ஒண்ணா வெச்சு அடுப்பு வாயை அடைச்சு, குழைச்ச மண்ணை அள்ளிப் பூசினாங்க. நான் கல்லாவுல நின்னேன். ஒரு பெரியவர் வந்து ஒரு பாக்கெட் வாங்கிட்டு, பக்கத்துல நின்ன சொந்தக்காரர்கிட்ட, "தொப்பித் துரை கேட்டுக் கேட்டுத் தின்ன பிஸ்கட்டுய்யா இது"ன்னார்.

உள்ள இருந்து குரல் வந்துச்சு. "அந்தாளு தின்னதேயில்லங்க! எங்கப்பா சுட்டது!"

பெரியவர் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்பிடியா"ன்னார். இன்னொரு பாக்கெட் வாங்கிட்டுப் போனார்.

திங்கக்கிழமை காலையில பஸ் ஸ்டாண்டுல, கண்ணாடி போட்டுக்கிட்டு எல்லாப் போர்டையும் ரெண்டு தடவை படிச்சுட்டிருந்தப்போ சுமதி கூப்பிட்டா. ராத்திரி பூரா அந்தம்மா குரல்தான் காதுல கேட்டுச்சாம். "அவங்க சொன்னபடியே எழுதிக் குடு. ஆனா படத்தை மாத்த இப்போ நேரமில்லை. தொப்பியும் குதிரையும் இருக்கத்தான் போகுது. அதுக்கும் ஒரு பதில் சொல்லிடு."

பிளாட்பாரத்துலயே நின்னு கஸ்தூரியம்மாவுக்குப் போன் பண்ணினேன். அவங்க சொல்லச் சொல்ல பையில கெடந்த வேப்பூர் டிக்கெட் பின்னாடி எழுதினேன். இப்போ சென்னையில அந்த பாக்கெட்டை வாங்கினா, தொப்பி போட்ட ஒருத்தர் குதிரை மேல உக்கார்ந்திருப்பார். கீழ இருக்கறது இதுதான்:

"விருத்தாசலம் செராமிக் சூளையில் வேலை பார்த்த கோவிந்தன் கண்டுபிடித்த பிஸ்கட். சூளையை ஆற விடுவது போல அடுப்பை ஆற விட்டுச் சுட்டது. படத்தில் இருக்கும் துரை இதைத் தின்றதே இல்லை. பாவம்."

மூணு வரி அவங்களோடது. அந்த 'பாவம்' மட்டும் நான் எழுதினது.